அதிக பாயிண்ட் எடுத்தவர் எப்படித் தோற்கிறார்? டென்னிஸ் பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டது, சுருக்கமாக: "அண்ணே, மகள் பத்தாவது படிக்கிறாள். வீட்டு டிவியில் கிரிக்கெட் போய் டென்னிஸ் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஸ்கோரே பிடிபடவில்லை. பதினைந்து, முப்பது என்று போய் அப்புறம் நாற்பது என்கிறார்கள். ஒரே ஆள் தொடர்ந்து பந்து போடுகிறார், பாதி நேரம் இரண்டு தடவை போடுகிறார். இதில் நிறைய பாயிண்ட் எடுத்தவரே தோற்றுப்போன கதை வேறு உண்டாம், மகள் சொல்கிறாள். எங்கிருந்து பிடிப்பது?"

மகள் சொன்ன இடத்திலிருந்தே பிடிக்கலாம் தம்பி. அவள் சொன்னது அநேகமாக 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டமாக இருக்கும். அதில் பெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜோகோவிச் எடுத்தது 204. ஜெயித்த கேம்களை எண்ணினாலும் பெடரர் 36, ஜோகோவிச் 32. கோப்பையை வாங்கிக்கொண்டு போனவர் ஜோகோவிச்.

கிரிக்கெட்டில் முதல் ஓவரில் எடுத்த ரன் கடைசி ஓவர் வரை கணக்கில் நிற்கும். டென்னிஸில் நிற்காது. பாயிண்டுகள் சேர்ந்தால் ஒரு கேம். கேம் முடிந்த நொடி அந்தப் பாயிண்டுகளை அழித்துவிட்டு சுழியிலிருந்து தொடங்குவார்கள். கேம்கள் சேர்ந்தால் ஒரு செட். செட் முடிந்தால் கேம் கணக்கும் போச்சு. 6-0 என்று ஊதித் தள்ளினாலும் ஒரு செட்தான், நாக்குத் தள்ளி 7-6 என்று எடுத்தாலும் ஒரு செட்தான். அன்றைக்கு பெடரர் தான் ஜெயித்த இரண்டு செட்டை 6-1, 6-4 என்று சுலபமாக எடுத்தார். ஜோகோவிச் எடுத்த மூன்றும் நூலிழையில் எடுத்தவை. ஆகவே ஆட்டம் பார்க்கும்போது மொத்தத்தில் யார் முன்னே இருக்கிறார் என்று தேட வேண்டாம். இப்போது ஆடுகிற பாயிண்ட் எவ்வளவு கனமானது என்று பாருங்கள். இந்த விளையாட்டின் முக்கால்வாசிச் சொற்கள் அந்தக் கனத்தைச் சொல்வதற்குத்தான் இருக்கின்றன.

முதலில் கேம். சுழிக்கு 'லவ்' என்பார்கள். அப்புறம் 15, 30, 40, அடுத்தது கேம். அதாவது நான்கு பாயிண்ட். 15, 30 என்பதை ஒன்று, இரண்டு என்று நினைத்துக்கொண்டால் போதும். நாற்பது ஏன் நாற்பத்தைந்தாக இல்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆட்டம் பார்க்க அது எதுவும் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நடுவர் ஸ்கோர் சொல்லும்போது சர்வ் போடுகிறவரின், அதாவது முதல் பந்தைப் போட்டு பாயிண்டைத் தொடங்குகிறவரின், எண்ணைத்தான் முதலில் சொல்வார். "15-40" என்றால் சர்வ் போடுகிறவர் சிக்கலில் இருக்கிறார். "40-15" என்றால் அவர் நிம்மதியாக இருக்கிறார்.

இருவரும் 40-40 என்று வந்தால் அது 'டியூஸ்'. இங்கிருந்து ஒரு பாயிண்ட் எடுத்தால் கேம் கிடைக்காது, 'அட்வான்டேஜ்' கிடைக்கும். அடுத்ததையும் எடுத்தால்தான் கேம். நம்ம பக்கத்து கேரமில் ரெட் போட்டால் மட்டும் போதுமா? உடனே ஃபாலோ போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். அட்வான்டேஜும் அதே மாதிரிதான். அடுத்த பாயிண்டை விட்டால் ஸ்கோர் மறுபடி டியூஸ். இதற்கு உச்சவரம்பு கிடையாது. ஒரே கேம் டியூஸுக்கும் அட்வான்டேஜுக்கும் நடுவே கால் மணி நேரம் ஊசலாடுவது உண்டு. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும் இடம் இதுதான். பழகியவர்கள் சீட்டு நுனிக்கு வருவதும் இங்கேதான்.

இனி சர்வ். இதைப் புரிந்துகொண்டால் டென்னிஸ் புரிந்த மாதிரி என்பேன்.

ஒரு கேம் முழுக்க ஒரே ஆள்தான் சர்வ் போடுவார். அடுத்த கேம் மற்றவர். பேஸ்லைன் என்கிற பின்கோட்டுக்குப் பின்னால் நின்று, முதல் பாயிண்டை வலது பக்கத்திலிருந்தும் அடுத்ததை இடது பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பந்து குறுக்காகப் போய் எதிர்ப்பக்கக் கட்டத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் 'ஃபால்ட்', இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் தப்பினால் 'டபுள் ஃபால்ட்', பாயிண்ட் எதிராளிக்கு. நீங்கள் பார்த்த "இரண்டு தடவை" இதுதான். பந்து நெட்டை உரசிக்கொண்டு போய்ச் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்'. அந்த சர்வைத் திரும்பப் போடலாம், தண்டனை இல்லை. அடிக்கும் முன்பே கால் கோட்டை மிதித்தால் 'ஃபுட் ஃபால்ட்'.

இரண்டு வாய்ப்பு இருப்பதால் முதல் சர்வைத் துணிந்து அடிப்பார்கள். ஆண்களில் பலமானவர்கள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவார்கள். எதிராளியின் மட்டை தொடாமலே போய்விட்டால் அது 'ஏஸ்'. இரண்டாவது சர்வில் வேகத்தைக் குறைத்து சுழற்சியைக் கூட்டுவார்கள், பந்து நெட்டைத் தாண்டி வளைந்து கட்டத்துக்குள் இறங்குவதற்காக. எதிராளி காத்திருப்பது அந்த மெதுவான பந்துக்குத்தான். ஒருவருடைய தரத்தை முதல் சர்வில் பார்ப்பதைவிட, நெருக்கடியில் அவர் போடும் இரண்டாவது சர்வில் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

சர்வ் இவ்வளவு பெரிய ஆயுதம் என்பதால், தன் சர்வ் கேமைத் தானே ஜெயிப்பது இயல்பு. அதற்கு 'ஹோல்ட்' என்று பெயர். எதிராளியின் சர்வ் கேமைப் பறிப்பது 'பிரேக்'. ஆட்டத்தில் செய்தி என்றால் இதுதான் செய்தி. பறிக்க இன்னும் ஒரே பாயிண்ட் தேவை என்ற நிலை 'பிரேக் பாயிண்ட்'. சர்வ் போடுகிறவர் 30-40 என்றால் ஒரு பிரேக் பாயிண்ட், 15-40 என்றால் இரண்டு, 0-40 என்றால் மூன்று. திரையில் 4-2 என்று பார்த்தால் இரண்டு கேம் வித்தியாசம் என்று படிக்காதீர்கள். "ஒரு பிரேக் முன்னே" என்று படியுங்கள். பின்தங்கியவர் திருப்பி ஒரு பிரேக் எடுத்துவிட்டால் கணக்கு சமன்.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. 30-40, சர்வ் போடுகிறவருக்கு எதிரான அட்வான்டேஜ், இரண்டுமே இடது பக்கத்திலிருந்து சர்வ் போட வேண்டிய பாயிண்டுகள். இடது கைக்காரர் அங்கிருந்து வெட்டிப் போடும் சர்வ், வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கமாக, அதாவது அவருடைய இடது பக்கமாக, விலகி விலகிக் கோர்ட்டுக்கு வெளியே இழுத்துப் போகும். தலை போகிற நேரத்தில் இடது கைக்காரருக்கு வசதியான மூலை வாய்த்துவிடுகிறது. நடால் இதை ஆண்டுக்கணக்கில் காசாக்கினார்.

பந்துகளை வாங்கிப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறார்களே, அதுவும் சர்வுக்காகத்தான். அடி வாங்க வாங்கப் பந்தின் ரோமம் உப்பிக்கொள்ளும், காற்றில் மெதுவாகப் போகும். முதல் சர்வுக்கு ரோமம் படிந்த பந்தைத் தேடுவார்கள். பெரிய போட்டிகளில் முதல் ஏழு கேமுக்குப் பிறகும், அதன்பின் ஒன்பது ஒன்பது கேமுக்கு ஒருமுறையும் புதுப் பந்துகள் வரும். புதுப் பந்தை முதலில் போடுகிறவர் அதைத் தூக்கி எதிராளிக்குக் காட்டுவது மரியாதை.

ஆறு கேம் எடுத்தால் செட், ஆனால் இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும். 6-4 செல்லும், 6-5 செல்லாது, 7-5 செல்லும். 6-6 ஆனால் 'டைபிரேக்கர்'. அங்கே 15, 30 எல்லாம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நேரான எண்ணிக்கை. ஏழு பாயிண்டை முதலில் தொடுகிறவர் செட்டை எடுப்பார், அங்கேயும் இரண்டு வித்தியாசம் வேண்டும். முதல் பாயிண்டுக்கு ஒருவர் சர்வ் போடுவார், அப்புறம் ஆளுக்கு இரண்டிரண்டு. எதிராளியின் சர்வில் பறிக்கும் பாயிண்டுக்கு 'மினி பிரேக்' என்று பெயர்.

டைபிரேக்கர் எதற்கு வந்தது? செட் முடியவே மாட்டேன் என்று நீண்டுகொண்டே போனதால்தான். 1970இல் அமெரிக்க ஓபனிலும் 1971இல் விம்பிள்டனிலும் கொண்டுவந்தார்கள். ஆனால் விம்பிள்டனில் கடைசி செட்டை மட்டும் விட்டுவைத்தார்கள். விளைவு, 2010இல் இஸ்னரும் மயூவும் மூன்று நாள் ஆடினார்கள். கடைசி செட் 70-68. மொத்தம் 11 மணி 5 நிமிடம். நடுவே 47-47இல் ஸ்கோர்போர்டே நின்றுபோனது. இப்போது ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்து பாயிண்ட் டைபிரேக்கர். 2022 முதல் இப்படி. இந்த விதி வரும் முன்பு நடந்ததால்தான் 2019 இறுதி ஆட்டத்தின் கடைசி செட் 13-12 என்று விசித்திரமாக இருக்கிறது. அப்போது விம்பிள்டனில் 12-12இல் டைபிரேக்கர் என்று வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு 8-7, 40-15 என்ற நிலையில் பெடரர் தன் சொந்த சர்வில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் வைத்திருந்தார், ஒன்றை எடுத்தாலும் கோப்பை அவருக்கு. இரண்டையும் ஜோகோவிச் தடுத்தார். கூடுதலாக எடுத்த அந்தப் பதினான்கு பாயிண்டில் ஒன்று இந்த இடத்தில் வந்து விழுந்திருந்தால் கதையே வேறு.

மேட்சுக்கு எத்தனை செட்? பெண்கள் எங்கும் மூன்றில் இரண்டு எடுக்க வேண்டும். ஆண்கள் கிராண்ட் ஸ்லாமில் ஐந்தில் மூன்று, மற்ற பெரும்பாலான போட்டிகளில் மூன்றில் இரண்டு.

இப்போது நம் ஊர் ஸ்கோர் ஒன்றைப் படித்துப் பாருங்கள். 2008 சென்னை ஓபன் அரையிறுதி, நுங்கம்பாக்கம் மைதானம். நடால், மோயாவை ஜெயித்தது 6-7(3), 7-6(8), 7-6(1). அடைப்புக்குறிக்குள் இருப்பது டைபிரேக்கரில் தோற்றவர் எடுத்த பாயிண்ட். முதல் செட்டின் டைபிரேக்கர் நடாலுக்கு 3-7. இரண்டாவது 10-8, ஏனென்றால் தோற்றவர் எட்டு எடுத்தால் ஜெயித்தவர் பத்து எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது 7-1. மூன்று செட்டும் டைபிரேக்கர், 3 மணி 54 நிமிடம். மறுநாள் இறுதி ஆட்டத்தில் யூஷ்னியிடம் நடால் தோற்றது 0-6, 1-6. முந்தைய நாளின் களைப்பு முழுக்க அந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

கோடுகள். சிங்கிள்ஸ் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர். இரண்டு ஓரத்திலும் இருக்கும் பட்டை டபுள்ஸுக்கு மட்டும்; அதையும் சேர்த்தால் 10.97. நீளம் 23.77. நெட் நடுவில் 0.914 மீட்டர், ஓரக் கம்பத்தில் 1.07. நடுவில் தாழ்வாக இருப்பதால்தான் பலரும் பந்தைக் குறுக்காக அடிக்கிறார்கள்: நெட்டும் தாழ்வு, தூரமும் அதிகம், ஆபத்து குறைவு. நேராகக் கோட்டோரம் அடிக்கும் 'டவுன் த லைன்' ஷாட்டுக்குக் கைதட்டல் கூடுதலாக விழுவது அதனால்தான். பந்தின் ஓரம் கோட்டைத் துளி தொட்டாலும் அது உள்ளேதான். இதை முன்பு கோட்டுக்குக் கோடு ஆள் நின்று சொன்னார்கள். இப்போது பெரும்பாலும் கேமராக்கள். விம்பிள்டனும் 2025இல் கோட்டு நடுவர்களை விட்டுவிட்டது. அந்த முதல் வருடமே ஒரு ஆட்டத்தில் கோர்ட்டின் ஒரு பக்கக் கருவி தவறுதலாக அணைந்திருந்து, வெளியே போன பந்துக்கு 'அவுட்' என்ற கருவியின் குரல் வராமல் சண்டையானது. பிரெஞ்சு ஓபனில் 2025இலும் ஆட்கள்தான் சொன்னார்கள். செம்மண்ணில் பந்து தன் தடத்தை விட்டுப்போகும், நடுவர் இறங்கி வந்து அதைப் பார்ப்பார்.

தளம் மாறினால் ஆட்டமும் மாறும். செம்மண்ணில் பந்து மெதுவாகி உயரே எழும், ராலி, அதாவது பந்து இருபக்கமும் மாறி மாறிப் போவது, நீளும். புல்லில் சறுக்கித் தாழ்வாக வரும், சர்வுக்கு வரவேற்பு. ஆஸ்திரேலியா, அமெரிக்கா இரண்டும் ஹார்டு கோர்ட் என்கிற கெட்டித் தளம், நுங்கம்பாக்கமும் அதுதான்.

வர்ணனையில் வரும் ஷாட் பெயர்களைப் பார்த்துப் பழகுவதே சுலபம், மகளையே கேளுங்கள். டாப்ஸ்பின் என்றால் பந்து முன்னோக்கிச் சுழன்று சட்டென்று இறங்கும். ஸ்லைஸ் என்றால் வெட்டிய பந்து தாழ்வாக மிதந்து வரும். தரையில் படுமுன் அடித்தால் வாலி. நெட்டருகே வந்தவரின் தலைக்கு மேல் தூக்கினால் லாப், அவர் பக்கவாட்டில் விரட்டினால் பாசிங் ஷாட். ஒரே ஒரு எச்சரிக்கை, 'அன்ஃபோர்ஸ்டு எரர்' என்று ஒரு எண்ணைத் திரையில் காட்டுவார்கள். எதிராளி நெருக்காமலே செய்த தவறு என்று அர்த்தம். அதை மட்டும் வைத்து யாரையும் எடை போட வேண்டாம். துணிந்து அடிக்கிறவருக்கு அந்த எண் கூடத்தான் செய்யும். பக்கத்தில் 'வின்னர்' எத்தனை என்று சேர்த்துப் பாருங்கள்.

டிவியில் பார்த்துக் குழம்பும் சில சின்ன விதிகள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது உடம்போ மட்டையோ நெட்டைத் தொட்டால் பாயிண்ட் போச்சு. ராலியில் பந்து நெட்டைத் தட்டி அந்தப் பக்கம் விழுந்தால் ஆட்டம் தொடரும், அடித்தவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பார், மனதுக்குள் சந்தோஷம்தான். பந்து நெட் கம்பத்துக்கு வெளியே சுற்றிப்போய் கோர்ட்டுக்குள் விழுந்தால் அதுவும் செல்லும். வெளியே போகிற பந்தானாலும் தரையில் படுமுன் உங்கள் உடம்பில் பட்டால் பாயிண்ட் எதிராளிக்கு. ஒரு பாயிண்டுக்கும் அடுத்த சர்வுக்கும் நடுவே 25 விநாடி. ஒற்றைப்படைக் கேம்களுக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள், அப்போது 90 விநாடி ஓய்வு. முதல் கேமுக்குப் பிறகு மட்டும் உட்காராமல் மாற வேண்டும். உங்களுக்கு விளம்பரம் வருவது அந்த இடைவெளியில்தான். திரும்பி வந்ததும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, இப்போது யார் சர்வ் என்று முதலில் கேளுங்கள்.

நேரில் கூட்டிப்போவதாக இருந்தால், சென்னையில் ஆண்களுக்கான ஏடிபி போட்டி 1997 முதல் 2017 வரை நடந்து, பிறகு புனேவுக்குப் போய்விட்டது. பெண்களுக்கான சென்னை ஓபன் 2022இலும் 2025இலும் அதே நுங்கம்பாக்கத்தில் நடந்தது. மறுபடி அறிவித்தால் பீச் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் ஏறினால் போதும். வியாசர்பாடி கால்பந்து மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சர்வ் போடத் தயாரானதும் அரங்கம் அமைதியாக வேண்டும். பாயிண்ட் முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். எழுந்து நடப்பதும் இடம் மாறுவதும் அவர்கள் பக்கம் மாறும் இடைவெளியில் மட்டும்.

டிவிக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விம்பிள்டன் இறுதி ஆட்டம் நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், பிரெஞ்சு ஓபன் சாயங்காலம். ஆஸ்திரேலிய ஓபனின் இரவு ஆட்டம் நமக்கு மதியம். அமெரிக்க ஓபன்தான் கொடுமை: அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் தொடங்கும்போது இங்கே அதிகாலை நாலரை, காசிமேட்டில் மீன் வாங்கக் கிளம்புகிறவர்கள் எழுந்திருக்கும் நேரம். அதற்கு மகளையும் உட்கார விடாதீர்கள், பத்தாவது வேறு.

டபுள்ஸை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். ஒன்று மட்டும்: ஆண்களுக்கான ஏடிபி, பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டிகளின் டபுள்ஸில் டியூஸ் வந்தால் அட்வான்டேஜ் கிடையாது, ஒரே பாயிண்டில் கேம் முடியும், எந்தப் பக்கத்துக்கு சர்வ் வேண்டும் என்று சர்வை எதிர்கொள்கிற ஜோடி சொல்லலாம். இரண்டு செட்டும் ஆளுக்கொன்றானால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயிண்ட் டைபிரேக்கர். கிராண்ட் ஸ்லாமின் ஆண்கள், பெண்கள் டபுள்ஸில் மூன்றாவது செட்டை முழுசாகவே ஆடுவார்கள்.